திரும்பி வந்த கூட்டாளி

ஜெர்மன் மொழியில் 'கும்ப்பெல்' என்று ஒரு சொல் உண்டு. காதில் விழும்போது நம் ஊர் 'கும்பல்' மாதிரி இருக்கும். அர்த்தம் வேறு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியை அப்படிச் சொல்வார்கள். கூட வேலை பார்க்கிறவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நெருங்கிய சிநேகிதனுக்கும் அதே சொல். ஆயிரம் மீட்டருக்குக் கீழே, இருட்டில், எந்த நேரமும் பாறை சரியலாம் என்கிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் சிநேகிதனாக இருந்தே ஆக வேண்டும். அதனால் மூன்றுக்கும் ஒரே சொல் போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்த வாரம் அப்படிச் சில கும்ப்பெல்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இவர்கள் கரி வெட்டிப் பேர் வாங்கியவர்கள் இல்லை. சத்தம் போட்டுப் பேர் வாங்கியவர்கள். இசைக்குழுவின் பெயர் சோடம். பைபிள் வாசிப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், நம் ஊர் மொழிபெயர்ப்பில் வரும் 'சோதோம்' அதுதான். வானத்திலிருந்து நெருப்பு பொழிந்து அழிந்த ஊர். அந்தப் பெயரை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றால் பாட்டு எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஊகித்துவிட்டு, தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இந்தப் பாட்டைக் கேட்டே தீரவேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். பிரிந்துபோன கூட்டாளி திரும்பி வந்தால் என்ன ஆகும், அவனுக்கு இடம் கொடுக்க யார் எழுந்து போக வேண்டியிருக்கிறது, வரவே முடியாதவனை என்ன செய்வது என்கிற கதை இது. அதற்கு எலெக்ட்ரிக் கிட்டார் பிடித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

முதலில் ஊர். ஜெர்மனியின் மேற்கில் ரூர் என்று ஒரு பகுதி. எஸ்ஸென், போஹும், டார்ட்மண்ட், கெல்சன்கிர்ஷன் என்று நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் அடியில் நிலக்கரி. 1957 வாக்கில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அடுத்த வருடமே சரிவு ஆரம்பித்தது. எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, வெளிநாட்டுக் கரி அதைவிட மலிவாக வந்து இறங்கியது. ஒவ்வொன்றாகச் சுரங்கங்களை மூடத் தொடங்கினார்கள். அப்படி மூடி முடிக்க 60 வருடங்கள் ஆயின.

அந்தச் சுரங்கங்களில் உடை மாற்றும் அறை ஒன்று இருக்கும். அலமாரி கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கிலி, அதன் நுனியில் ஒரு கொக்கி. சட்டை, பேன்ட், செருப்பு எல்லாவற்றையும் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால், அப்படியே கூரைக்குப் போய்விடும். நூற்றுக்கணக்கானவர்களின் உடுப்பு தலைக்கு மேல் தொங்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு கொக்கி கீழே இறங்கவில்லை என்றால் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். அவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வதும் 'க்ளூக் அவ்ஃப்' என்றுதான். 'அதிர்ஷ்டம் கூட வரட்டும்' என்று வைத்துக்கொள்ளலாம். நல்லபடியாக மேலே வந்து சேர் என்கிற வேண்டுதலும் அதற்குள் இருக்கிறது.

கெல்சன்கிர்ஷனில் 1963-ல் பிறந்த தாமஸ் ஸூஹ் என்ற பையனும் அந்த ஊர் வழக்கப்படி சுரங்கத்துக்குத்தான் போனான். போன கையோடு அங்கிருந்து எப்படித் தப்பிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தான். இங்கிலாந்தின் மோட்டார்ஹெட், வெனம், டேங்க் குழுக்களைக் கேட்டு வெறி பிடித்து, 1980-களின் தொடக்கத்தில் இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு ஆரம்பித்தான். தனக்கு டாம் ஏஞ்சல்ரிப்பர் என்று பெயர் வைத்துக்கொண்டான். தேவதையைக் கிழிப்பவன் என்று அர்த்தம்! டிரம்ஸ் வாசித்த கிறிஸ்டியன் டூடெக், கிரிஸ் விட்ச்ஹன்டர் ஆனார், அதாவது சூனியக்காரி வேட்டைக்காரர். கிட்டார் வாசித்தவர் கிரேவ் வயலேட்டர். அவர் வேலை கல்லறையை நாசம் செய்வது. வீட்டில் அம்மா எந்தப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 18, 19 வயதில் கரித்தூளைக் கழுவிவிட்டு வந்து ஒத்திகை பார்த்த பையன்கள் இவர்கள். பிசாசு, நரகம் என்று அவர்கள் கத்தியதில் சினிமாத்தனம் நிறைய உண்டு. ஆத்திரமும் உண்டு.

அவர்கள் வாசித்ததற்கு த்ராஷ் மெட்டல் என்று பெயர். அமெரிக்காவில் மெட்டாலிகா, ஸ்லேயர் குழுக்கள் தொடங்கி வைத்த அதே வகை. ராக் இசையின் கனத்தை எடுத்து அதன் வேகத்தை இரண்டு மடங்காக்குங்கள். கிட்டார்காரர் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் மேல் லேசாக வைத்து அமுக்கிக்கொண்டே மீட்டுவார். அதனால் நாதம் நீளாமல் கட்டுக்கட்டென்று வெட்டுப்பட்டு விழும். வேகம் கூடக் கூட அது தையல் மெஷின் சத்தம் மாதிரி ஆகிவிடும். டிரம்ஸ்காரருக்கு இரண்டு காலிலும் வேலை. பெரிய டிரம்மை இரண்டு பெடல்களால் மாற்றி மாற்றி மிதிப்பார். பாடுபவர் பாட மாட்டார், குரைப்பார்.

இந்த இசையே சுரங்கத்திலிருந்து வந்தது, கரி வெட்டும் மெஷினின் சத்தம்தான் டிரம்ஸ் ஆனது என்று சிலர் உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஜெர்மன் த்ராஷின் நான்கு பெரிய பெயர்களில் டெஸ்ட்ரக்‌ஷன் குழு, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய வைல் அம் ரைன் என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. அங்கே ஏது நிலக்கரி? டாங்கார்டு குழு ஃபிராங்க்ஃபர்ட்காரர்கள், பீரைப் பற்றிப் பாடியே 40 வருடம் ஓட்டிவிட்டார்கள். சுரங்கம் இசையைக் கொடுத்ததோ இல்லையோ, அதிலிருந்து வெளியேற வேண்டும் என்கிற அவசரத்தை சோடத்துக்குக் கொடுத்தது. அதுவரைதான் நான் ஒப்புக்கொள்வேன்.

1985-ல் அவர்களுடைய முதல் சிறு இசைத்தட்டு வந்தது. 'இன் தி சைன் ஆஃப் ஈவில்', மொத்தம் ஐந்து பாட்டு. வாசிப்பு தடுமாறும். டிரம்ஸ் முன்னால் ஓடும், கிட்டார் பின்னால் துரத்தும். அப்படியும் அதில் ஒரு வெறி இருந்தது. பின்னால் நார்வேயில் பிளாக் மெட்டல் என்று ஒரு கூட்டம் கிளம்பியபோது, இந்தத் தட்டைப் பாடப்புத்தகம் மாதிரி வைத்துக் கேட்டார்கள். கிரேவ் வயலேட்டர் அதோடு கிளம்பிவிட்டார். இடையில் இன்னொருவர் வந்து போனார். 1987-ல் ஃபிராங்க் பிளாக்ஃபயர் வந்தார்.

இவர்தான் நம் கதையின் 'திரும்பி வந்த கூட்டாளி'. உண்மையான பெயர் ஃபிராங்க் கோஸ்ட்ஸிக். கிட்டாரை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர். அதுவே அந்தக் குழுவில் பெரிய செய்தி. அவர் வந்த பிறகு பிசாசு கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது, பாட்டுக்குள் யுத்தம் வந்தது. 1987-ல் 'பெர்சிக்யூஷன் மேனியா', 1989-ல் 'ஏஜென்ட் ஆரஞ்ச்'. வியட்நாம் காடுகளின் இலையை உதிர்க்க அமெரிக்க ராணுவம் விமானத்திலிருந்து தெளித்த விஷத்தின் பெயர்தான் ஏஜென்ட் ஆரஞ்ச். 1961 முதல் 1971 வரை அமெரிக்கா அங்கே களைக்கொல்லிகளைத் தெளித்தது. அதிலிருந்த டையாக்ஸின் பிறக்காத குழந்தைகளையும் விடவில்லை. ஒரு சுரங்கத் தொழிலாளியின் குழு அதைப் பற்றி ஆல்பம் போட்டு, ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் முதல் 40-க்குள் வந்தது. டாம் ஏஞ்சல்ரிப்பர் சுரங்கத்துக்கு முழுக்குப் போட்டது இந்த வெற்றியின் தைரியத்தில்தான்.

யுத்தம் ஏன் இவர்களை இப்படிப் பிடித்துக்கொண்டது என்று கேட்டால், வியட்நாம் வரை போகவே வேண்டாம். அதே ஆல்பத்தில் 'அவுஸ்கெபாம்ப்ட்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. குண்டு விழுந்து வீட்டை இழந்தவர்களை ஜெர்மனியில் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுவார்கள். 1943-ல் பிரிட்டிஷ் விமானங்கள் மாதக்கணக்கில் ரூர் பகுதியின் ஆலைகளையும் ஊர்களையும் சேர்த்து அடித்தன. இன்றைக்கும் அங்கே புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெடிக்காத குண்டுகள் கிடைக்கின்றன. உடனே சுற்றியிருக்கும் தெருக்களைக் காலி செய்துவிட்டுச் செயலிழக்கச் செய்கிறார்கள். சோடம் யுத்தத்தைக் கொண்டாடுகிறது என்று குற்றம் சாட்டியவர்கள் உண்டு. அட்டைப் படங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பாட்டுகளைக் கேட்டால், செத்தவர்களின் பக்கம் நின்று கத்துகிற குரல் கேட்கிறது. என் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது.

வெற்றி வந்த அதே 1989-ல் ஃபிராங்க் குழுவை விட்டுப் போனார். அதுவும் எங்கே? பக்கத்து ஊருக்கு. எஸ்ஸெனின் க்ரியேட்டர் குழுவில் சேர்ந்துவிட்டார். க்ரியேட்டரும் அதே மண்ணில் முளைத்ததுதான். எஸ்ஸெனின் ஆல்டனெஸ்ஸென் பகுதியில் மூடப்பட்ட ஒரு சுரங்கத்தைக் கலை மையமாக மாற்றினார்கள், பெயர் 'ஸெஹே கார்ல்'. க்ரியேட்டர் வளர்ந்தது அங்கேதான். (2012-ல் பெங்களூரு ஓப்பன் ஏர் விழாவுக்கு வந்து வாசித்தவர்களும் இவர்கள்தான். சென்னையிலிருந்து ரயிலேறிப் போய்க் கேட்டுவிட்டு, மூன்று நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.) ஃபிராங்க் அங்கே 1996 வரை இருந்தார்.

சோடத்தில் அதற்குப் பிறகு கிட்டார் நாற்காலி மியூசிக்கல் சேர் ஆனது. மூன்று பேர் வந்து போனார்கள். 1992-ல் டிரம்ஸ்காரர் விட்ச்ஹன்டரும் போனார். மது அவரைப் பிடித்துவிட்டிருந்தது. முதல் தட்டில் வாசித்த மூவரில் டாம் மட்டும் மிச்சம். அந்தக் காலத்தில் அவர் பக்கத் தொழிலாக 'டாம் மாமா' என்ற பெயரில் ஜெர்மன் குடிப்பாட்டுகளையும் கிறிஸ்துமஸ் பாட்டுகளையும் மெட்டல் வேகத்தில் பாடி விற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேவதையைக் கிழித்தவருக்கும் மளிகை பாக்கி இருக்கும் இல்லையா?

1997-ல் பெர்னமன் வந்தார். கிட்டார்காரர், நிதானமான ஆள். வந்தவுடன் வெளியான ஆல்பத்தின் பெயரைக் கவனியுங்கள்: 'டில் டெத் டூ அஸ் யுனைட்'. கல்யாணத்தில் 'மரணம் நம்மைப் பிரிக்கும்வரை' என்று சொல்வார்களே, அதைத் திருப்பிப் போட்டு 'மரணம் நம்மைச் சேர்க்கும்வரை'. 2016 வரை பெர்னமன் அவர்களோடு ஏழு ஆல்பங்கள் வாசித்தார். ஃபிராங்க் இருந்தது இரண்டே இரண்டு ஆல்பத்தில். இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பிரிந்தவர்கள் சேர்வது இந்த உலகத்தில் புதிதில்லை. டெஸ்ட்ரக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஷ்மியர் 1989-ல் வெளியேற்றப்பட்டார். 90-களில் அவர் பீட்சா கடை நடத்தினார். அவர் இல்லாத குழு வேறு ஏதேதோ வாசித்துக் காணாமல் போனது. 1999-ல் அவரும் கிட்டார்காரர் மைக்கும் மறுபடி சேர்ந்தார்கள். அடுத்த வருடமே 'ஆல் ஹெல் பிரேக்ஸ் லூஸ்' வந்தது. 20 வருடத்துக்கு மேல் அந்த மறுமணம் நீடித்தது. 2021-ல் மைக் போய்விட்டார், ஷ்மியர் தொடர்கிறார். ஊர் ஊராகப் போய் வாசித்து வயிற்றைக் கழுவும் தொழிலில், பழைய முகம் ஒன்று மேடையில் இருந்தால் டிக்கெட் கூட விற்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேரும்போது காசு மட்டும்தான் காரணமா என்று ரசிகர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

2007-ல் சோடம் செய்தது காசுக்காக என்று யாரும் சொல்ல முடியாது. டாம் ஒரு காரியம் செய்தார். அன்றைய குழுவை ஓரமாக வைத்துவிட்டு, 22 வருடத்துக்கு முன் தன்னோடு அந்த முதல் தட்டில் வாசித்த இருவரையும் தேடிப் பிடித்தார், கிரேவ் வயலேட்டரையும் விட்ச்ஹன்டரையும். அந்த ஐந்து பாட்டையும், அந்த நாளில் எழுதி வைத்து வெளிவராமல் போன பாட்டுகளையும் சேர்த்து மறுபடி பதிவு செய்தார்கள். 'தி ஃபைனல் சைன் ஆஃப் ஈவில்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஆல்பத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நல்ல ஆல்பமா என்றால், இல்லை. டிரம்ஸ் சுத்தமாக இல்லை. சில இடங்களில் தாளம் கையை விட்டுப் போகிறது, மற்ற இருவரும் காத்திருந்து சேர்த்துக்கொள்வது காதுக்குத் தெரிகிறது. இன்றைய கம்ப்யூட்டரில் அதை ஒரே மதியத்தில் நேராக்கிவிடலாம். அவர்கள் அந்தத் தடுமாற்றத்தைத் தடுமாற்றமாகவே விட்டுவிட்டார்கள். அந்தக் கை அப்படித்தான் வாசிக்கும், அந்தக் கை இருக்கும்போதே பதிவு செய்துகொள்வோம் என்று நினைத்திருக்கலாம்.

செப்டம்பர் 2007-ல் ஆல்பம் வந்தது. 2008 செப்டம்பர் 7 அன்று விட்ச்ஹன்டர் இறந்தார். வயது 42.

அந்த ஒரு வருட இடைவெளி என்னை உலுக்குகிறது. 'அடுத்த வருடம் பார்க்கலாம், இவன் கொஞ்சம் உடம்பு தேறட்டும்' என்று டாம் தள்ளிப்போட்டிருந்தால், அந்த ஆல்பமே இருந்திருக்காது. விமர்சகர்கள் நட்சத்திரம் போடும் கணக்கில் அது சாதாரண ஆல்பம்தான். நட்சத்திரக் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை.

அடுத்து 2018. ஜனவரியில் பெர்னமனும், 2010 முதல் டிரம்ஸ் வாசித்துவந்த மக்காவும் குழுவிலிருந்து நீக்கப்பட்ட செய்தி வந்தது. பின்னாலேயே ஃபிராங்க் பிளாக்ஃபயர் திரும்புகிறார் என்ற செய்தி. 29 வருடம் கழித்து! கூடவே யார்க் ஸேகாட்ஸ் என்ற இரண்டாவது கிட்டார்காரர். சோடம் முதல் முறையாக நான்கு பேர் கொண்ட குழு ஆனது.

ரசிகர்களுக்குத் தீபாவளிதான். 'ஏஜென்ட் ஆரஞ்ச்' கிட்டார் திரும்பி வருகிறதே! எனக்கும் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஏழு ஆல்பம், இரண்டு ஆல்பம் கணக்கை இப்போது எடுங்கள். 20 வருடம் கூடவே இருந்து, மேடை சின்னதாகிப்போன காலத்திலும் விட்டுவிட்டு ஓடாமல் வாசித்தவர் பெர்னமன். நல்ல நேரத்தில் போனவர் திரும்பி வரும்போது அவருக்கு மாலை; கஷ்ட காலத்தில் கூட நின்றவருக்கு வாசல். எந்தக் குடும்பத்திலும் நடக்கிற கதைதான். உள்ளே என்ன நடந்தது என்று உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும், நாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 'மறு இணைவு' என்ற செய்தி ஒரு வீட்டில் இனிப்பாகவும் இன்னொரு வீட்டில் வேலை போன செய்தியாகவும் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை ரசிகர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

பெர்னமனும் மக்காவும் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை என்பது ஆறுதல். இருவரும் சேர்ந்து 'பாண்டட்' என்று புதிய குழு தொடங்கினார்கள். 2020 ஜனவரியில் அவர்களுடைய முதல் ஆல்பம் 'ரெஸ்ட் இன் வயலன்ஸ்' வந்தது. அதாவது, சோடத்தின் புதிய ஆல்பத்துக்குப் பத்து மாதம் முன்பே! அதையும் தேடிக் கேளுங்கள். கோபத்தை வீணாக்காமல் வாசித்திருக்கிறார்கள்.

அதே 2018-ல் இன்னொன்றும் நடந்தது. டிசம்பர் 21 அன்று கெல்சன்கிர்ஷனுக்கு அருகிலிருக்கும் பாட்ராப் நகரில் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கத்தை மூடினார்கள். ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் அதுதான். கடைசியாக வெட்டிய ஒரு கரித்துண்டை மேலே கொண்டுவந்து ஜனாதிபதி ஸ்டைன்மயரின் கையில் கொடுத்தார்கள். அத்தோடு முடிந்தது. இப்போது கெல்சன்கிர்ஷனில் சுரங்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஷால்க்கே கால்பந்து மைதானத்துக்குப் போகலாம். ஆட்டக்காரர்கள் உள்ளே வரும் பாதையைச் சுரங்க வழி மாதிரியே வடிவமைத்து வைத்திருக்கிறார்கள். அந்த அணிக்கே சுரங்கத் தொழிலாளிகள் என்றுதான் செல்லப்பெயர். டாம் எந்தத் தொழிலிலிருந்து ஓடிவந்தாரோ அந்தத் தொழிலே மறைந்துவிட்டது. ஓடுவதற்காக அவர் தொடங்கிய குழு இன்னும் இருக்கிறது.

2020 நவம்பரில் 'ஜெனசிஸ் நைன்டீன்' வந்தது. ஆதியாகமம், 19-ம் அதிகாரம். சோதோமும் கொமோராவும் அழிகிற இடம். ஒருவழியாகத் தங்கள் பெயர்க் காரணத்தையே ஆல்பமாக்கிவிட்டார்கள். மோட்டார்ஹெட்டுக்கு அந்தப் புகழ்பெற்ற கோரைப்பல் சின்னத்தை வரைந்த ஜோ பெட்டாக்னோதான் அட்டை ஓவியம் வரைந்தார். சின்ன வயதில் யாரைப் பார்த்து ஆசைப்பட்டாரோ அவர்களின் ஓவியர் 57 வயதில் டாமுக்கு வரைந்து கொடுக்கிறார்! உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதம் அது, மேடை கிடையாது, ஊர்வலம் கிடையாது. நான் அதை ஹெட்போனில் கேட்டேன். அதையும் மீறிச் சத்தம் கசிந்து, 'மிக்ஸி எதுவும் ரிப்பேரா?' என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள்.

ஃபிராங்கின் கை தெரிகிறதா? தெரிகிறது. இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிடும். பெர்னமன் காலத்து ஆல்பங்களில் கிட்டார் கெட்டியான சுவர் மாதிரி நிற்கும், எல்லாம் அளந்து வைத்தது. ஃபிராங்க் வாசித்தால் சுவரில் விரிசல் விழும், ஸோலோ என்று வந்தால் மனுஷன் பாதியில் எங்கோ தாவிவிட்டு, விழுந்துவிடுவாரோ என்று நாம் பயப்படும்போது சரியான தாளத்தில் வந்து இறங்குவார். 29 வருடத்தில் கற்றுக்கொண்டது எல்லாம் அதில் இருக்கிறது. அந்த 1989 பையனும் இருக்கிறான். 'மோபி டிக்' நாவலை வைத்து 'தி ஹார்ப்பூனியர்' என்று ஒரு பாட்டு. ஜெர்மன் மொழியிலேயே, 'இனி இது என் நாடல்ல' என்ற பொருளில் தலைப்பு வைத்து இன்னொன்று. ஆல்பம் நீளம்தான். இரண்டு பாட்டைக் கழித்திருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

இப்போது 2025 ஜூனில் வந்த 'தி ஆர்சனிஸ்ட்'. தீ வைப்பவன். அதே நால்வர், டோனி மெர்கல் டிரம்ஸ். அவருடைய டிரம்ஸை மட்டும் பழைய முறையில், காந்த நாடாவில் பதிவு செய்தார்கள். 62 வயது டாமின் குரல் இன்னும் கரகரத்திருக்கிறது. முன்பு குரைப்பாக இருந்தது இப்போது இருமலுக்கும் உறுமலுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. வயதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. இதிலும் 13 பாட்டு, நீளத்தைப் பற்றிய என் புகார் இதற்கும் செல்லும்.

ஐந்தாவது பாட்டின் பெயர் 'விட்ச்ஹன்டர்'.

இறந்து 17 வருடம் ஆன டிரம்ஸ்காரருக்கான பாட்டு. அஞ்சலி என்றால் மெதுவான கிட்டார், மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி எதுவும் இல்லை. அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வேகத்தில், தலைதெறிக்க ஓடுகிற பாட்டு. கூட வாசிக்கும் ஃபிராங்கும் அவரோடு இரண்டு ஆல்பம் வாசித்தவர். மெர்கல் சுத்தமாக வாசிக்கத் தெரிந்தவர். ஆனால் இந்தப் பாட்டில் டிரம்ஸ் ஒரு முடி அளவு முன்னால் ஓடுகிற மாதிரி எனக்குக் கேட்கிறது, 1985-ல் ஓடியது போல. அது என் காதின் ஆசையாகவும் இருக்கலாம்.

கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 1989-ன் 'ஏஜென்ட் ஆரஞ்ச்', தலைப்புப் பாட்டு மட்டும் போதும். அடுத்தது 2007-ன் 'ஃபைனல் சைன் ஆஃப் ஈவில்' ஆல்பத்திலிருந்து எதுவானாலும் ஒன்று. டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். பிறகு பாண்டட் குழுவின் பாட்டு ஒன்று, பெர்னமனுக்காக. கடைசியாக 'விட்ச்ஹன்டர்'. நான்கும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் தூங்கும் நேரமாக இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அப்படியும் யாராவது மிக்ஸியைப் பற்றி விசாரிக்கக்கூடும்.